இரண்டு விரல் குறைந்த டப்பா

பந்தயத் தடத்து மெக்கானிக்குகளுக்கு அவள் நொடியக்கா. அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம்; இப்போது நேரம் எடுப்பது அவள் வேலை. வண்டிகள் புறப்படும் கோட்டுக்கு நேர் மேலே, இருபத்தாறு இரும்புப் படி ஏறினால் வரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு மேசை, ஒரு கணினி, சுழல மறந்துபோன ஒரு சுழல் நாற்காலி. கோட்டைக் கடக்கும் வண்டியை ஒளிக்கதிரில் பிடித்து, ஒரு நொடியை ஆயிரமாகப் பிளந்து நேரம் சொல்லும் பெட்டி ஒன்றும் உண்டு. இருந்தாலும் கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"பெட்டி பொய் சொல்லாதுக்கா" என்று யாராவது சிரித்தால், "சொல்லாதுன்னு உனக்கு யாரு சொன்னது, பெட்டியா?" என்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது வாசலில் சீட்டுக் கிழிக்கத்தான். சேர்ந்த இரண்டாம் மாதமே, கிழித்த சீட்டைப் பின்பக்கம் பசை தடவி ஒட்டி மறுபடி நீட்டிய ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தாள். ஒட்டு தெரியவே இல்லை. சீட்டு மற்றதைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, அவ்வளவுதான். விரலில் அதைத் தெரிந்துகொண்டவளை வாசலில் வைத்திருப்பது வீண் என்று மேலாளர் எடை மேடைக்கு மாற்றினார். அங்கிருந்து டயர் சோதனைக்கு. நேரம் எடுக்கிறவர் ஓய்வு பெற்றபோது கண்ணாடி அறைக்கு. மேலே போன பிறகும் எடையும் டயரும் அவள் பொறுப்பிலேயே தங்கிவிட்டன. அவளைப்போல் பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். அவள் வேறு யாரையும் நம்பி விடவில்லை என்பது இன்னொன்று.

வீட்டிலும் அதே கதைதான். புத்தகம் பைண்டு செய்கிற அவள் கணவர், "நான் தும்மினாக்கூட எதுக்குன்னு விசாரணை நடக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, "தூசு இல்லாத இடத்துல ஏன் தும்மினீங்க?" என்று கேட்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. எட்டு வயது இளையவன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் டியூனிங் கடை வைத்திருந்தான். இரண்டு கார் உள்ளே நிற்கும். மூன்றாவது வந்தால் தெருவில்தான் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே காற்றாய்ப் பறக்கிற காரை இன்னும் பறக்கவைக்கச் சொல்லி அவனைத் தேடி ஆட்கள் வருவார்கள். வேலையில் கெட்டிக்காரன் என்பதில் அக்காவுக்குச் சந்தேகம் இல்லை. அவன் விஷயத்தில் அவளுக்குச் சந்தேகம் வராத ஒரே இடம் அதுதான் என்றும் சொல்லலாம். சின்ன வயதில் அவன் விளையாட்டில் தோற்றால் ஆட்டத்தின் விதி நடுவிலேயே மாறிவிடும். அதை அவள் கூடவே இருந்து பார்த்தவள்.

கார் பத்திரிகை ஒன்று ஒரு ஒப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ஸ்போர்ட்ஸ் கார் மூன்று. மூன்றையும் மூன்று கடைகள் தங்கள் கைவண்ணத்தில் டியூன் செய்து கொண்டுவர வேண்டும். ஒரே ஓட்டுநர், ஒரே தடம், ஒரே பகல். ஆளுக்கு ஐந்து சுற்று. எரிபொருள் தடத்து பம்பிலிருந்துதான் போட வேண்டும். காரிலிருந்து ஒரு சீட்டைக்கூடக் கழற்றக் கூடாது. டயரைப் பத்திரிகையே வாங்கி, பத்து நாள் முன்னதாக மூன்று கடைக்கும் ஒரே ரகமாகக் கொடுத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு டயர் ஆசிரியரிடம் இருந்தது.

வந்த மூன்றில் வெள்ளைக் கார் தம்பியுடையது. சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. அவர்கள் உண்டு, அவர்கள் வேலை உண்டு. சிவப்புக் காரின் முதலாளிக்கு நெடுஞ்சாலையில் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு கடை. கூட வந்த ஆட்களே ஆறு பேர், எல்லாருக்கும் ஒரே சட்டை.

தம்பி கலந்துகொள்கிறான் என்று தெரிந்ததுமே நொடியக்கா ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "அவன் என் கூடப்பொறந்தவன் சார். நேரம் எடுக்க வேற ஆளைப் பாருங்க."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் நீங்க இருக்கணும்னு கேட்டேன். உங்க மேல யாரும் விரல் நீட்ட மாட்டாங்க."

அந்தப் பாராட்டை அவள் ரசிக்கவில்லை. யாராவது ஒருவர் இப்படிப் புகழ்ந்து ஒரு வேலையைத் தலையில் கட்டினால், அதில் என்ன உள்குத்து என்று யோசிக்கிறவள் அவள்.

ஒப்பீட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். மாமா உடம்பு எப்படி என்று கேட்டான். நாற்காலியின் ஆடுகிற காலைக் குனிந்து பார்த்து, காகிதம் மடித்து அண்டக் கொடுத்தான். வாசல் விளக்கு நன்றாக எரிகிறதா என்றுகூடக் கேட்டான். அப்போதே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவன் இவ்வளவு பொறுப்பாக இருந்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "ஆமா, அன்னிக்கு டயரோட கடினம் எல்லாம் மீட்டர் வெச்சுப் பாப்பீங்களாக்கா?"

"யாராவது கேட்டா பாப்போம். ஏன்டா?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்க்கா. அதுக்கு மேல அந்த வார்த்தையில என்ன இருக்கு?"

அவன் சட்டைக் கையிலிருந்து ஒரு நெடி அடித்தது. பெயிண்ட் கரைக்கிற திரவத்தின் நெடி மாதிரி, ஆனால் கொஞ்சம் இனிப்பாக. என்ன வாசனை என்று கேட்டதற்கு, பிரேக் கழுவுகிற மருந்து என்றான். அந்த மருந்தின் வாசனை இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தயக்காரர்கள் செய்கிற ஒரு தில்லுமுல்லு உண்டு. ஒரு வகைத் திரவத்தை டயரில் தடவி, பிளாஸ்டிக் சுற்றி இரண்டு மூன்று நாள் ஊறப் போட்டால் ரப்பர் இளகிவிடும். இளகின ரப்பர் தரையைக் கவ்விப் பிடிக்கும். கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஊசி முனை வைத்த சின்ன மீட்டரை டயரில் அழுத்திப் பார்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். அதைத்தான் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

"என்ன, போன ஆளையே பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்றார் கணவர்.

"நாற்காலிக் காலைச் சரிபண்ணிட்டுப் போறான்" என்றாள்.

"அது தப்பா?"

அவள் உள்ளே போய் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

ஒப்பீட்டு நாள் காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. முதலில் எடை. மூன்று காரும் மேடையில் ஏறி இறங்கின; சொல்லிவைத்ததுபோல் சில கிலோ வித்தியாசம்தான். எரிபொருளை அவளே பக்கத்தில் நின்று நிரப்பவைத்து மூடியில் காகித முத்திரை ஒட்டினாள். தம்பி காருக்கு ஒட்டும்போது மட்டும் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். அவன் அதைக் கவனித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஓட்டுநரைப் பூனை என்பார்கள். நடந்தால் சத்தமே கேட்காது. பேச்சும் அப்படித்தான். அவர் முதலில் சாம்பல் நிறக் காரை எடுத்தார். நல்ல சுற்று ஒரு நிமிடம் ஐம்பத்தொரு நொடி, அதற்கு மேல் நொடியின் நூறில் இருபது பங்கு. மற்ற நான்கும் அதற்கு அரை நொடிக்குள்.

அடுத்து சிவப்பு. நேர்ச்சாலையில் அது போன போக்கில் கண்ணாடி அறையின் சன்னல் அதிர்ந்தது. முதல் சுற்றே ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது நொடி, தொண்ணூறு. கீழே ஒரே சட்டைக்காரர்கள் ஆறு பேரும் கை தட்டினார்கள். அடுத்த சுற்று ஐம்பது எண்பது. பிறகு ஐம்பத்தொன்று தொண்ணூறு. கடைசிச் சுற்று ஐம்பத்துமூன்றைத் தாண்டியது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதினாளே தவிர அவள் மனம் அதில் இல்லை. அடுத்து வரப்போகிற வெள்ளைக் காரில்தான் கண் இருந்தது.

வெள்ளைக் கார் நேர்ச்சாலையில் அப்படியொன்றும் உறுமவில்லை. சிவப்பைவிட வேகம் குறைவு என்று காதுக்கே தெரிந்தது. ஆனால் வளைவுகளில் அது திரும்பிய விதம் வேறாக இருந்தது. பூனை பிரேக்கைப் பிடிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்ப் பிடித்தார். கார் உடம்பைக் குலுக்காமல் திரும்பியது. முதல் சுற்று ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது நொடி, முப்பது. இரண்டாவது அதே நாற்பத்தொன்பதில் நாற்பது. மூன்றாவது மறுபடி முப்பது. நான்காவது ஐம்பது, ஐந்தாவது நாற்பது.

ஐந்து சுற்றும் ஒன்றுபோல. ஸ்டாப்வாட்ச்சைப் பெட்டியோடு ஒப்பிட்டாள், இரண்டும் ஒத்துப்போயின. எழுந்து போய் ஒளிக்கதிர்க் கண்ணாடியில் தூசு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பெட்டி பொய் சொல்லவில்லை, வாட்ச்சும் பொய் சொல்லவில்லை. பிறகு வேறு யார் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு அவளிடம் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. சிவப்புக் கார் முதலாளி மூச்சிரைக்க ஏறி வந்தார். பின்னாலேயே ஆசிரியர்.

"என்னம்மா நடக்குது இங்க? அந்தக் கார்ல என் கார் சக்தியில முக்கால்வாசிகூட இல்ல. எப்படி முந்தும்?"

"வாட்ச்சையும் பாருங்க சார். ரெண்டும் ஒண்ணுதான்."

"வாட்ச்சு யாரு கையில இருக்கு? அக்கா மேல உக்காந்து நேரம் சொல்றாங்க, தம்பி கீழ ஜெயிக்கிறார். என் காதுல பூ சுத்தாதீங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவளை யாரும் இப்படிச் சொன்னதில்லை. முகம் சூடேறியது. ஆனால் கோபத்தைவிட அவளை அதிகம் குடைந்தது வேறு: இந்த மனிதர் சந்தேகப்படுகிறதையே அவளும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன பாக்கணும் சார், சொல்லுங்க."

"டயரைப் பாருங்க. அவன் டயர்ல என்னமோ பண்ணியிருக்கான். என் ஆளுங்க சொல்றாங்க."

"பாத்துடலாம். பாத்தா மூணு காரையும் பாக்கணும்."

"என்னோடது எதுக்கு? தோத்தவன் வண்டியில என்ன பாக்கப் போறீங்க?"

"ஒண்ணை மட்டும் பாத்தா அதுக்குப் பேரு சோதனை இல்ல சார்" என்றாள். ஆசிரியரும் தலையாட்டினார். சூடாக இருக்கும்போது எந்த ரப்பரும் இளகித்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆற வேண்டும். மூன்று காரையும் கொட்டகை நிழலில் நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டி, பூனையை அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரம் போவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. டயரின் வரிசை எண்களைக் கடைக்காரர்கள் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். மற்ற இரண்டு பேரும் கொடுத்துவிட்டார்கள். தம்பியிடம் கேட்டாள்.

"வேன்ல முன் சீட்ல இருக்கு. எடுத்துக்கோ" என்றான். கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

வேன் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. முன் சீட்டில் படிவம் இருந்தது. எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுப் பின் கதவைத் திறந்தாள்.

ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, சுருட்டிய போர்வை, இரண்டு பழைய விளக்குகள், உடைந்த குடை. போர்வையைத் தூக்கினாள். அடியில் ஒரு நீல நிற டப்பா. அதில் டயர் படம் போட்டிருந்தது. மூடியைத் திருகி முகர்ந்ததுமே தெரிந்தது. அதே இனிப்பான நெடி. கதவு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கழுத்துவரை இருந்திருக்க வேண்டிய திரவம் இரண்டு விரல் அளவுக்குக் குறைந்திருந்தது.

"முன் சீட்டுன்னு சொன்னேன்."

தம்பி பின்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் துடைக்கிற துணி.

"இது என்னடா?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குற."

"ரெண்டு விரல் குறைஞ்சிருக்கு."

"ஆமா."

"எங்க போச்சு?"

அவன் வாயைத் திறந்து எதையோ சொல்லப் பார்த்தான். அப்புறம் அவள் ஒரு கையில் டப்பாவையும் இன்னொரு கையில் போர்வையின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது.

"மீட்டர் வெச்சுப் பாருக்கா. நான் சொல்றதை எதுக்கு நம்பணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

டப்பாவை மறுபடி போர்வைக்கு அடியிலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள். டயர் இளகியிருந்தால் அவன் கடை இழுத்து மூட வேண்டியதுதான். பத்திரிகையில் வந்த பிறகு யார் காரைக் கொண்டுவருவார்கள்? இளகியிருக்கக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. இளகித்தான் இருக்கும் என்று புத்தி சொன்னது.

நேரமானதும் எல்லாரும் கொட்டகையில் கூடினார்கள். முதலில் ஆசிரியரிடமிருந்த, காரில் மாட்டாத டயரை அழுத்திப் பார்த்தாள். அறுபத்தேழு. அதுதான் அளவுகோல்; எண் குறையக் குறைய ரப்பர் இளகியிருக்கிறது என்று அர்த்தம். சாம்பல் நிறக் கார்: அறுபத்தேழு, அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தாறு. அந்தக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து வெள்ளை. முட்டி போட்டு உட்கார்ந்து முன் டயரில் மீட்டரை வைத்தாள். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு கணம் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எவ்வளவும்மா?" என்றார் ஆசிரியர்.

"அறுபத்தாறு."

மறுபடி வேறு இடத்தில் வைத்தாள். அறுபத்தாறு. நான்கு டயரிலும் மும்மூன்று இடம் பார்த்தாள். ஒரு டயரில் அறுபத்தேழுகூட வந்தது. எந்தக் கோளாறும் இல்லை. அவள் தலை நிமிர்ந்தபோது தம்பி அவளைப் பார்க்காமல் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்புக் கார் பக்கம் நகர்ந்ததும் முதலாளி குறுக்கே வந்தார். "இதெல்லாம் தேவையே இல்ல. நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

பூனை அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "பாத்துடலாம் சார். நாலாவது சுத்துல எனக்குப் பின்பக்கம் சோப்பு மாதிரி வழுக்குச்சு. ஏன்னு எனக்கும் தெரியணும்."

ஐம்பத்துநான்கு. ஐம்பத்துமூன்று. ஐம்பத்தைந்து. நான்கு டயரும் அப்படித்தான்.

"மீட்டரே கோளாறு! தம்பி காருக்கு ஒழுங்கா காட்டுது, என் காருக்கு மட்டும் தகராறு பண்ணுதா?" என்று முதலாளி கத்தினார். நொடியக்கா மீட்டரை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஆசிரியர் அழுத்தினார், பூனை படித்தார். அதே எண்கள்தான். கொஞ்ச நேரத்தில் முதலாளி தன் ஆட்களில் ஒருவரைப் பார்த்து, "உன்னை யாருடா இதெல்லாம் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார். அந்த ஆள் அவரையே பார்த்த பார்வையில், யார் சொன்னது என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் சுற்று பாய்ந்து, அடுத்தடுத்த சுற்றில் நொடி நொடியாகத் தேய்ந்த சிவப்பின் நேரம். இளகின டயர் சூடேறினதும் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. அவள் கையெழுத்திலேயே காகிதத்தில் அத்தனையும் இருந்தது. தம்பியைச் சந்தேகப்படுகிற மும்முரத்தில் அதைப் பார்க்கத் தவறியிருக்கிறாள்.

ஆசிரியர் தம்பியின் கையைக் குலுக்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள்.

"சார், ஒரு விஷயம்" என்றாள் நொடியக்கா. "இவன் வேன்ல அதே மாதிரி ஒரு டப்பா இருக்கு. நான் பார்த்தேன். ரெண்டு விரல் குறைஞ்சிருக்கு. கார் டயர்ல அது இல்ல, அதுக்கு மீட்டர் சாட்சி. ஆனா எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. எழுதிக்கோங்க. இவன் என் தம்பின்னும் எழுதிக்கோங்க."

ஆசிரியர் தர்மசங்கடத்தோடு தம்பியைப் பார்த்தார். "டப்பா வெச்சிருக்கக் கூடாதுன்னு விதி இல்லம்மா. கார் டயர்ல தடவக் கூடாதுன்னுதான் விதி."

"விதி எனக்குத் தெரியும் சார். பார்த்ததைச் சொன்னேன்."

தம்பி திரும்பி நடந்தான். வெள்ளைக் காரை லாரியில் ஏற்றினான், வேனை எடுத்தான், போய்விட்டான்.

பத்திரிகையில் வெள்ளைக் கார்தான் முதலிடம் என்று வந்தது. கடைசிப் பத்தியில் நேரம் எடுத்தவர் கடைக்காரரின் அக்கா என்றும், வேனில் ஒரு டப்பா இருந்தது, டயரில் எதுவும் இல்லை என்றும் இரண்டு வரி. சிவப்புக் காரின் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். தம்பி கடைக்கு ஆட்கள் குறையவில்லை; கூடத்தான் செய்தார்கள். ஆனால் அக்கா வீட்டுப் பக்கம் அவன் எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

"நீ பேசினது சரிதான்" என்றார் கணவர். "ஆனா பைண்டு பண்ற எங்க தொழில்லயே சில தையலை வெளிய தெரியாம உள்பக்கம்தான் போடுவோம்."

"ரெண்டு விரல் எங்கங்க போச்சு?" என்றாள் அவள்.

"இன்னுமா அது?"

இன்னும் அதுதான். பாத்திரம் கழுவும்போது அதே யோசனை, பேருந்தில் அதே யோசனை. தடவிவிட்டு ஏதாவது செய்து ரப்பரை மறுபடி இறுகவைக்க முடியுமா? மீட்டருக்குத் தெரியாமல் ஏமாற்றுகிற புது மருந்தா? தெரிந்த மெக்கானிக்குகளிடம் பட்டும் படாமலும் விசாரித்தாள். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். அப்படியானால் அவன் நல்லவன். நல்லவன் ஏன் அந்த டப்பாவை வாங்கினான்? அக்கா இருக்கிறாள் என்று பயந்து விட்டுவிட்டானா? மனசாட்சி உறுத்தியதா? எதுவும் அவனுக்குப் பொருந்துகிற மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் தம்பி மனைவி கண்ணாடி அறைக்கு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். இருபத்தாறு படி ஏறிய களைப்பில் சுழலாத நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சுழற்றப் பார்த்தாள்.

"அது சுத்தாதும்மா. என்ன விஷயம்?"

"அண்ணி, நான் வந்தது அவருக்குத் தெரியாது. அந்த டப்பா விஷயத்தை நீங்க அவர்கிட்ட கேட்டா அவர் சொல்ல மாட்டார். சொன்னா அவர் மானம் போயிடும்."

"அப்ப தடவினானா?"

"தடவினார். ஆனா அந்த டயர்ல இல்ல. கடைக்குப் பின்னாடி ஒரு பழைய டயர் கிடந்துச்சு. முதல்ல அதுக்குத் தடவி, எங்க வீட்டு அரிசி மூட்டைப் பிளாஸ்டிக்கைச் சுத்தி மூணு நாள் வெச்சார். அதை ஒரு வண்டியில மாட்டி, ஏரிக்கரை ரோட்டுல ஓட்டிப் பார்த்தார். முதல்ல பசை மாதிரி ஒட்டிச்சாம். பத்து நிமிஷத்துல வழுக்க ஆரம்பிச்சு, வண்டி ஒரு பள்ளத்துக்குள்ள போய் நின்னுச்சு. அப்புறம்தான் இது வேலைக்கு ஆகாதுன்னு விட்டார்." அவள் நாற்காலியை மறுபடி ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். "மனசாட்சி அது இதுன்னு நீங்க நினைச்சுக்காதீங்க அண்ணி. நல்லா ஓடியிருந்தா தடவியிருப்பார்."

நொடியக்கா கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை மேசையில் வைத்தாள். "அப்புறம் டப்பா எதுக்கு வேன்ல வந்துச்சு?"

"வேன்ல ஏத்தின சாமானை அவர் என்னிக்கு அண்ணி இறக்கியிருக்கார்? ஒரு உடைஞ்ச குடை இருக்குமே, பார்த்தீங்களா? அது எங்க கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து அதுலயேதான் இருக்கு."

நொடியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கினதுபோல் இருந்தது. தம்பி திருந்திவிட்டான் என்று யாராவது வந்து சத்தியம் செய்திருந்தால் அவள் நம்பியிருக்கவே மாட்டாள். பலன் இல்லாததால் விட்டான் என்பதை உடனே நம்பினாள். அது அவள் தம்பி. அவளுக்குத் தெரிந்த தம்பி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாள். அவன் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். அவள் செருப்பைப் பார்த்தே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்; வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டான்.

"அந்தப் பழைய டயர் எங்கடா?"

அவன் புரியாமல் விழித்தான். அப்புறம் புரிந்தது. "அவ வந்து சொல்லிட்டாளா?"

"யாரு சொன்னா என்ன?"

அவன் பின்பக்கம் கையைக் காட்டினான். சுவரோரம் டயர் கிடந்தது, அதன்மேல் பெயிண்ட் டப்பாக்கள். அவள் டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"பைக்குள்ள மீட்டர் இருக்குல்ல? எடு. எடுக்காம உனக்குத் தூக்கம் வராது" என்றான்.

எடுத்தாள். நாற்பத்தெட்டு. காட்டியதும் அவன்தான் முதலில் சிரித்தான். சிரிப்பு சீக்கிரமே நின்றது.

"டப்பாவைப் பத்தி எல்லார் முன்னாடியும் சொன்னியே, அதுகூட போகட்டும். உன் வேலை அது. ஆனா முன் சீட்டுன்னு நான் சொல்லியும் பின் கதவைத் திறந்த பாரு."

சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் சப்பைக்கட்டு இருந்தது. நெடி அடித்தது, நீதான் மீட்டரைப் பற்றிக் கேட்டாய், நாற்காலிக் காலுக்குக் காகிதம் வைத்தாய். ஒன்றையும் எடுக்கவில்லை.

"அது தப்புதான்டா. கேட்டுட்டுத் திறந்திருக்கணும்."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், எண்ணெய் போன பிறகும். "டீ சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லு. சர்க்கரை கம்மியா."

அதற்குப் பிறகு அவள் தடத்து மேலாளரிடம் எழுதிக் கொடுத்து ஒரு விதியைக் கொண்டுவந்தாள். சொந்தக்காரர் கார் ஓடினால் நேரத்தையும் டயரையும் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சங்கத்துக்காரர் ஒருவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். அவர் சரியாகச் செய்கிறாரா என்று மூன்று தடவை ஒளிந்து நின்று பார்த்தாள். நான்காவது தடவை அவர் பார்த்துவிட்டார்.

சென்ற மாதம் தம்பி ஒரு மஞ்சள் காரைச் சோதனைக்குக் கொண்டுவந்தான். அவள் கண்ணாடி அறைச் சாவியைச் சங்கத்துக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, தம்பி மனைவியோடு வேலி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கார் நேர்ச்சாலையில் அவர்களைத் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள்; மனசுக்குள் நொடி எண்ணிக்கொண்டிருந்த நொடியக்காவின் காதில் விழவில்லை. கார் எத்தனை நொடியில் சுற்றியது என்று சாயங்காலம் சங்கத்துக்காரர் படி இறங்கி வந்து சொன்னார். "சரியாத்தான் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.